மந்தையின் நடை



சென்ற ஜூன் மாதம் எங்கள் பங்கிற்கு உதவிப் பங்குத்தந்தையாக ஓர் இளம் குரு வந்து சேர்ந்தார். குருப்பட்டம் பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. நல்ல குரல், நல்ல உடற்கட்டு, அதனினும் நல்ல மனம். வந்த மூன்றாம் நாள் இரவு உணவிற்குப் பின் ஒரு குறிப்பேட்டை என் முன் விரித்து வைத்தார். பதினெட்டு மாதங்களுக்கான திட்டம் அதில் கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருந்தது. தெருவிற்கு ஓர் அன்பியம், இளைஞர் மன்றம், மாலை நேரப் பாடசாலை, பீடச் சிறுவர் பயிற்சி, பாடகர் குழு சீரமைப்பு, மாதா கெபி புதுப்பித்தல் என்று இருபத்துமூன்று இனங்கள். ஒவ்வொன்றிற்கும் முடிவு நாள் குறித்து அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டும் இருந்தார்.

"ஃபாதர், தங்கள் கருத்தென்ன?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அந்தக் கையெழுத்து அவருடையதாயினும், குறிப்பேடு என்னவோ என்னுடையதாகவே எனக்குத் தோன்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அதே போன்ற ஒரு குறிப்பேட்டை நானும் வைத்திருந்தேன். அதன் கதையை அவரிடம் பிறகு சொல்வதாகக் கூறினேன். அவரிடம் சொல்லியதை இம்மாதம் உங்களிடமும் சொல்ல விழைகிறேன்.

2003-ஆம் ஆண்டு, சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில் ஒரு சிறு பங்கின் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. ஊர்ப் பெயர் இங்கு வேண்டாம். நூற்று நாற்பது குடும்பங்கள். மழை பெய்தால் சிலேட்டும் புத்தகமும் நனையும் ஒரு பள்ளிக்கூடம். மழை பெய்தால் பீடத்துணி நனையும் ஓர் ஓட்டுக் கோவில். ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் பட்டாசு ஆபீசிற்கோ தீப்பெட்டி ஆபீசிற்கோ செல்பவர்கள். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் மக்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு, நாற்காலியும் மின்விசிறியும் கொண்ட இடம் என எண்ணிவிடாதீர்கள்.

புதிய கோவில் கட்டுவது என்று முடிவு செய்தேன். 'செய்தேன்' என்று ஒருமையில் எழுதுவதே உண்மை. பங்குப் பேரவை கூடியது, நான் பேசினேன், அவர்கள் தலையசைத்தார்கள். அடுத்த ஆண்டுத் திருவிழாவிற்குள் ஆயர் வந்து அர்ச்சிக்க வேண்டும் என்று நாளும் குறித்துவிட்டேன். வீட்டிற்கு வாரம் ஐம்பது ரூபாய் வரி. சனிக்கிழமை சம்பளம் கிடைக்கும் நாளாதலின் அன்று மாலையே உபதேசியார் நோட்டுடன் வீடு வீடாகச் செல்வார். ஞாயிறு திருப்பலி முடிவில், வரி செலுத்தியோர் பெயர்களை நான் வாசிப்பேன். செலுத்தாதவர் பெயரை வாசிப்பதில்லை. அஃது எவ்வளவு பெருந்தன்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. வாசிக்கப்படாத பெயர் எதுவென ஊருக்கே தெரியும் என்பது அப்போது என் கருத்தில் ஏறவில்லை.

சுவர் எழும்பியது. மேத்திரியார்கள் உழைத்தார்கள். தீபாவளி வந்தது, போனது. தீபாவளிக்குப் பின் பட்டாசு ஆபீஸ்கள் சில வாரங்கள் அடைத்துக் கிடக்கும். திறந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நடவாது. செய்த வெடியை வெயிலில் காய வைத்தாக வேண்டும். வெயில் இல்லையேல் வேலை இல்லை, வேலை இல்லையேல் கூலி இல்லை. அந்த மாதங்களிலும் என் வரி நிற்கவில்லை. வியப்பு என்னவெனில், மக்களும் நிறுத்தவில்லை. "என்னே இவர்களது விசுவாசம்!" என்று மறைமாவட்டக் கூட்டம் ஒன்றில் பெருமையோடு கூறினேன்.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், பாடகர் குழுவிற்குச் சில வாரங்களாக வராதிருந்த ஒரு சிறுமியைத் தேடி அவள் வீட்டிற்குச் சென்றேன். பத்தாம் வகுப்பு மாணவி. கிறிஸ்து பிறப்புப் பாடல்களை அவள் இல்லாமல் தொடங்க இயலாது. தரையில் அமர்ந்து காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. பக்கத்தில் சாக்குப்பை நிறையக் குழாய்கள். அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம் அது.

அவள் தாய் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும், இன்னொரு வீட்டிலிருந்து காப்பியும் வாங்கி வந்து உபசரித்தார். நான் வற்புறுத்திக் கேட்ட பின்பே சொன்னார்: "கோவில் வரிக்குக் கையில் இல்லை சாமி. ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கினோம். அதைக் கழிக்கத்தான் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். நம்ம பெயர் மட்டும் வாசிக்காமல் போனால் கேவலமாக இருக்கும் அல்லவா?" அவர் குரலில் குறையோ குற்றச்சாட்டோ இல்லை. அவர் எனக்கு அதை ஒரு நற்செய்தி போலவே சொன்னார் என்பதுதான் இன்றளவும் என்னை வதைக்கிறது.

அன்று மாலை உபதேசியாரை அழைத்துக் கேட்டேன். இப்படி முன்பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்றேன். பதினாறு வீடுகளின் பெயர்களை நோட்டைப் பார்க்காமலே சொன்னார். அறுபதைக் கடந்த அந்தப் பெரியவர், உபதேசியார் ஆகுமுன் பல்லாண்டுகள் மருந்து கலக்கும் வேலை செய்தவர். இடக்கையில் இரண்டு விரல்கள் ஒட்டியே இருக்கும். "உபதேசியாரே, இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். "சாமி கேட்கவில்லையே" என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, "ஈரம் காயுமுன் திரி செருகினால் வெடி வெடிக்காது சாமி; வெடித்தால் கையில்தான் வெடிக்கும்" என்றார்.

குருமடத்தில் மேய்ப்புப்பணி இயல் படித்தேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த வாக்கியத்திற்கு ஈடானதை அங்கே நான் கேட்ட நினைவில்லை.

பட்டாசுத் தொழிலை அருகிருந்து பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது எளிதில் விளங்கும். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்க வேண்டும். கலந்ததை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை மறுநாளுக்கென்று வைத்தல் ஆகாது. அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடு பிடிக்கும். மருந்து வேலை நடக்கும் ஓர் அறைக்குள் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள். இவை யாவும் வேகத்திற்குக் கடிவாளம். ஆனால் கூலியோ செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கிடைக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க வெளியூர் வியாபாரிகள் சரக்கு கேட்டு நெருக்குகிறார்கள். விதி மெல்லப் போ என்கிறது. கூலி விரைந்து செய் என்கிறது. இந்த இரண்டிற்கும் நடுவில்தான் மக்கள் வெந்து போகிறார்கள். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், தீபாவளிக்கு இரு மாதங்களுக்குச் சற்றே கூடுதலாக இருக்க, எங்கும் வேலை முடுக்கிவிடப்பட்டிருந்த வேளையில், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் மாண்டன. அந்த வாரத்தின் அடக்கச் சடங்குகளை இப்பகுதியில் எவரும் மறந்திலர்.

ஆலை முதலாளிகளின் அவசரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. ஆனால் அதே அவசரத்தை நான் கோவில் முற்றத்திலும் நடத்தினேன் அன்றோ? எனக்கும் ஒரு முடிவு நாள். எனக்கும் ஒரு சரக்கு. அதைக் கொடுப்பதற்கு வாயின்றி உழைக்கும் அதே மக்கள்.

மறு ஞாயிறு பீடத்தருகே நின்று இறைமக்களிடம் மன்னிப்புக் கேட்டேன். வரி நிறுத்தப்பட்டது. ஆயருக்குக் கடிதம் எழுதினேன். அவர் ஒரு வரியில், கோவில் காத்திருக்கும் என்று பதில் எழுதினார். பதினாறு வீடுகளின் முன்பணத்தையும் ஏதோ வழி செய்து அடைத்தோம். கோவில் சுவர் ஜன்னல் மட்டத்தில் அப்படியே நின்றது. அதன்மேல் ஆடுகள் ஏறி நிற்கும். அவ்வழியே பேருந்தில் செல்லும் பிற குருக்கள் என்னைக் கண்டால் நகைச்சுவையாக ஏதேனும் கேட்பார்கள். நான் அந்தப் பங்கை விட்டு 2006-இல் மாற்றலாகி வந்தபோதும் சுவர் அந்த மட்டத்தைத் தாண்டவில்லை.

அந்தச் சிறுமி பள்ளிக்குத் திரும்பவில்லை. நானும் தலைமையாசிரியரும் சென்று பேசினோம். நாள் கடந்துவிட்டது, மனமும் கடந்துவிட்டது. இதை ஈடு செய்ய என்னிடம் எதுவும் இல்லை.

ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. பல்லாண்டுப் பகைக்குப் பின் யாக்கோபும் அவருடைய தமையனும் சந்திக்கிறார்கள். தமையன் நானூறு ஆட்களோடு வந்திருக்கிறார், வலிமை வாய்ந்தவர், சேர்ந்தே பயணம் செய்வோம் என்கிறார். யாக்கோபு மறுத்துவிடுகிறார். பிள்ளைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகள் கூட உள்ளன, ஒரே நாள் விரட்டினாலும் மந்தை முழுவதும் செத்துப்போகும். தாங்கள் முன்னே செல்லுங்கள், நான் இவற்றின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெதுவாக வருகிறேன் என்ற கருத்துப்படப் பதில் சொல்கிறார். யாக்கோபு அப்பழுக்கற்றவர் அல்லர். தமையனிடம் அவருக்கு அச்சமும் இருந்தது. ஆயினும் மேய்ப்பன் என்ற முறையில் அவர் அறிந்திருந்த ஒன்றை நான் அறியாதிருந்தேன். மந்தையின் வேகத்தைத் தீர்மானிப்பது முன்னே நடக்கும் கொழுத்த கிடா அன்று. பின்னே வரும் சினையாடு.

சிவகாசி மண்ணிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. நம் திருச்சபையைச் சாராத ஒருவரைப் பற்றி இந்த ஏட்டில் எழுதுவது சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-இல் ஏடு வெளியிட்டு அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன, இனியும் தயங்குவானேன்?

தாமஸ் இராக்லண்ட் என்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சிறந்து விளங்கி, அங்கேயே கல்லூரிப் பதவியும் பெற்றவர். அதனை விடுத்து, 1846-இல் சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் பணிக்காகச் சென்னை வந்தார். சில ஆண்டுகள் சங்கத்தின் செயலாளராக மேசையில் அமர்ந்து கணக்கும் கடிதமும் பார்த்தார். திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் அன்று சபைகள் பெருகியிருந்தன. வடபகுதியோ, அதாவது இன்றைய சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டாரம், பெரும்பாலும் தொடப்படாமல் கிடந்தது. 1854-இல் ஃபென், மெடோஸ் என்னும் இரு இளைஞர்களோடு அவர் இப்பகுதிக்கு வந்தார்.

வந்தவர் கோவில் கட்டவில்லை, மாளிகை கட்டவில்லை. கூடாரம் அடித்தார். ஓரூரில் சில நாள், அடுத்த ஊரில் சில நாள் என்று சுற்றி, மீண்டும் முதல் ஊருக்கே வந்தார். கேட்டார்களா இல்லையா என்பதைவிட, திரும்ப வந்தோமா இல்லையா என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது போலும். தென்பகுதிச் சபைகள் தம் செலவிலேயே உபதேசியார்களை அனுப்பின. அவர்கள் முறை வைத்து, ஏறத்தாழ ஒரு மாதம் இங்கு உழைத்துவிட்டுத் தம் ஊர்களுக்குத் திரும்புவார்கள், அடுத்தவர்கள் வருவார்கள். எவரும் தேய்ந்து போகும்வரை நிறுத்தி வைக்கப்படவில்லை. திரும்பிச் சென்றவர் தம் சபையாரிடம் வடபகுதியின் செய்தியைச் சொல்ல, அங்கே ஆர்வம் வளர்ந்தது. பணியாளரின் மூச்சைக் காக்கும் இத்தகைய ஏற்பாடு நம் பங்குகளில் எத்தனை உண்டு? நம் உபதேசியார்களையும் மறைக்கல்வி ஆசிரியைகளையும் ஓய்வின்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிட்டு, அவர்கள் ஒரு நாள் அமைதியாக விலகிக்கொள்ளும்போது, ஆர்வம் குன்றிவிட்டது என்று நாம் அறிக்கை எழுதுகிறோம்.

நான்கரை ஆண்டுகள் இவ்வாறு உழைத்த இராக்லண்ட் கண்ட பலன் மிகச் சொற்பம். பெருந்திரளான திருமுழுக்குகள் எவையும் அவர் காலத்தில் நிகழவில்லை. 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், நாற்பத்துமூன்றாம் வயதில் சிவகாசியிலேயே இறந்தார். சபைகள் பின்னரே முளைத்தன. இன்று சாட்சியாபுரத்துப் பள்ளிகளைக் கடந்து செல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடாரத்தின் நினைவு வரும்.

ஆயினும் என் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறருக்கெல்லாம் முறை வைத்த அவர் தமக்கு ஒரு முறை வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நுரையீரல் நோய் அரித்த உடலோடு இந்தக் கரிசல் வெயிலில் நின்றார். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிதல் பற்றிய ஆண்டவரின் வாக்கே அவருக்கு வழிகாட்டி. அதனைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அத்தகைய தியாகம் ஆண்டவர் கேட்டுப் பெறுவது. நம் குறிப்பேடு கேட்டுப் பெறுவதன்று. பல குருக்கள் சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் பணி வாழ்வின் பதக்கங்கள் போல் அணிந்துகொண்டு திரிகிறோம். மோயீசன் காலை முதல் மாலைவரை தனியொருவராய் அமர்ந்து வழக்குத் தீர்ப்பதைக் கண்ட அவருடைய மாமனார், இவ்வாறு செய்தால் நீரும் அழிவீர், உம்மோடுள்ள மக்களும் அழிவர் என்று எச்சரித்ததை யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மக்களும் அழிவர் என்பதைக் கவனியுங்கள். களைத்த மேய்ப்பன் தான் மட்டும் களைப்பதில்லை.

நம் மதுரைக்கும் இப்பாடம் புதிதன்று. தத்துவபோதகர் எனப் பெயர் பெற்ற இராபர்ட் தெ நோபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்தபோது, அவருக்கு முன் பதினோராண்டுகள் அங்கு உழைத்த ஃபெர்னாந்தெஸ் அடிகளாரால் அந்நகரத்து மக்களில் ஒருவரைக்கூட மனந்திருப்ப இயலவில்லை. நோபிலி முதலில் மொழியைக் கற்றார், உணவை மாற்றினார், உடையை மாற்றினார், பிறகே பேசினார். அதற்குப் பரிசாகத் தம்மவர்களிடமிருந்தே புகார்கள் வந்தன. மேலதிகாரிகளின் ஆணையால் அவரது பணி சில காலம் கட்டுண்டு கிடந்தது. 1623-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியாரின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரும்வரை, கீழ்ப்படிந்தும் வாதாடியும் காத்திருந்தார். பொறுமை என்பது வாய் மூடியிருத்தல் அன்று என்பதற்கு அவர் எழுதிய விளக்கங்களே சான்று.

இதனை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், பொறுமை என்ற பெயரில் சோம்பலும் அச்சமும் நம்மிடையே நடமாடுவதுண்டு. விபத்தில் கணவனை இழந்த பெண்ணின் இழப்பீட்டு மனு அலுவலகத்தில் உறங்கும்போது, பொறுத்திரு மகளே என்று சொல்லும் குரு பொறுமையுள்ளவர் அல்லர். உடன் புறப்பட்டுச் செல்ல மனமில்லாதவர். தீக்காயப் பிரிவிலிருந்து நள்ளிரவில் அழைப்பு வந்தால் மந்தையின் நடை பார்க்க நேரமில்லை, ஓடத்தான் வேண்டும். அப்போஸ்தலர்களை ஓய்வெடுக்கத் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்ற இயேசு ஆண்டவர், அங்கும் மக்கள் திரண்டு வந்தபோது அவர்கள்மீது மனமிரங்கிப் போதிக்கத் தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். மக்களின் துன்பத்திற்கு விரைவதும், மக்களின் வளர்ச்சிக்குக் காத்திருப்பதும் வேறு வேறு. நான் அந்தப் பங்கில் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன். சுவருக்கு விரைந்தேன், அந்தச் சிறுமியின் வீட்டிற்குச் செல்ல மூன்று மாதம் காத்திருந்தேன்.

குருக்களின் அவசரத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொன்னால் சக குருக்கள் சிலர் என்மீது வருத்தப்படக்கூடும். ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றல் வரும் என்பது நமக்குத் தெரியும். அதற்குள் ஏதேனும் ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி எழும்ப வேண்டும். அதில் ஒரு கல்வெட்டும் வேண்டும். ஜெபிக்கக் கற்றுக்கொண்ட ஒரு குடும்பத்தின்மேல் கல்வெட்டுப் பதிக்க இயலாதல்லவா? அந்த ஊர்க் கோவில் 2009-இல் எனக்குப் பின் வந்த குருவின் காலத்தில் அர்ச்சிக்கப்பட்டது. மக்கள் தம் வசதிக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். மழை மாதங்களில் வரி இல்லை, பெயர் வாசிப்பு அறவே இல்லை. என்னையும் அழைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் கல்வெட்டைத்தான் தேடியது. என் பெயர் அதில் இல்லை என்பதைக் கண்டு நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அதன் பிறகுதான் பீடத்தை நோக்கி முழந்தாளிட்டேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லிவிட்டேன், இங்கும் சொல்லிவிடுகிறேன்.

உபதேசியார் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். அந்தப் பெண் தன் கைக்குழந்தையோடு கூட்டத்தில் நின்றாள். "பாட்டு எப்படி இருந்தது சாமி?" என்று கேட்டாள். பாடகர் குழுவை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள்.

இவற்றையெல்லாம் கேட்டு முடித்த எங்கள் இளம் குரு நெடுநேரம் பேசவில்லை. குறிப்பேட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனம் புண்பட்டதோ என்று எண்ணினேன். மறுவாரம் அதே குறிப்பேட்டோடு வந்தார். இருபத்துமூன்று இனங்களும் அப்படியே இருந்தன, ஒன்றையும் அடிக்கவில்லை. இளமையல்லவா! ஆனால் சிவப்பு மையில் இருந்த நாள்களை அடித்துவிட்டு, முதல் பக்கத்திற்கு முன்னால் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார். அதில் எங்கள் பங்கின் தெருக்கள் மட்டும் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வீடு, எந்த ஆபீசில் வேலை, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதற்கு வெற்றுக் கட்டங்கள்.

"இவற்றை நிரப்ப எவ்வளவு காலம் ஆகும் ஃபாதர்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். நாளை மாலை ஆபீஸ் பேருந்துகள் வந்து சேர்ந்த பிறகு, கீழத்தெரு முதல் வீட்டிலிருந்து இருவரும் தொடங்குவதாக இருக்கிறோம்.